ஷூ விலை 1,999... பாலாறு விலை?

ஆபீஸில் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறீர்களா? மேனேஜர் அந்தப் பக்கம் திரும்புகிற நேரமாகப் பார்த்து, மெதுவாகக் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். கறுப்பு ஷூ. தோல்தானே? இடுப்பில் பெல்ட், அதுவும் தோல். பின் பாக்கெட்டில் பர்ஸ். மாசம் இருபது தேதிக்கு மேல் அதில் மிச்சம் இருப்பதும் தோல் மட்டும்தான்!

ஷூ வாங்கின பில்லில் 1,999 ரூபாய் என்று போட்டிருக்கும். (அந்த ஒரு ரூபாயைக் குறைத்து நம்மை மயக்குகிற கலையைப் பற்றி இன்னொரு வாரம் பேசலாம்.) அந்த 1,999-க்குள் என்னென்ன அடக்கம்? தோல் விலை, தைத்தவர் கூலி, கரண்ட் பில், லாரி வாடகை, கடை ஏ.சி., விளம்பரத்தில் கால் மேல் கால் போட்டுச் சிரிக்கிற நடிகரின் சம்பளம், ஜி.எஸ்.டி., போதாததற்கு ஆளுக்குக் கொஞ்சம் லாபம். பி.காம். படித்தவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன். இத்தனை செலவும் யாராவது ஒருத்தருடைய லெட்ஜரில், ஏதாவது ஒரு பக்கத்தில் கட்டாயம் ஏறியிருக்கும்.

ஒரே ஒரு செலவு மட்டும் ரொம்ப காலமாக எந்த லெட்ஜரிலும் ஏறவில்லை. அந்தச் செலவின் பெயர் பாலாறு.

பிரியாணிக்குப் பக்கத்திலே...

சென்னையிலிருந்து பெங்களூர் ரோட்டில் போய் வருகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் அத்துப்படி. வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. ஆம்பூர் என்றதும் நாக்கில் எச்சில் ஊறும். பிரியாணி! ஆனால் அதே வட்டாரத்தில் பஸ் ஜன்னலைத் திறந்து வைத்தால், சில இடங்களில் மூக்குக்கு வேறு சேதி கிடைக்கும். தோல் பதனிடுகிற வாசனை. ('வாசனை' என்பது ஒரு மரியாதைக்கு.)

ரோட்டுக்குத் துணையாக ஓர் ஆறு கூடவே வரும். அதுதான் பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. 'ஓடி' என்பதும் மரியாதைக்குத்தான். வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே மணல், தண்ணீர் அடியில். அந்த அடித் தண்ணீரை நம்பித்தான் அங்கே கிணறு, தென்னந்தோப்பு, நெல், குடிதண்ணீர்க் குழாய் எல்லாமே.

அந்த வட்டாரத்துக்குத் தோல் தொழில் நேற்று வந்ததில்லை. தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக நடப்பது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, கடுக்காய் இவற்றை வைத்துத்தான் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை.

1970-களில் மத்திய அரசு ஒரு கணக்குப் போட்டது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏன் மலிவாக வெளிநாட்டுக்கு விற்கணும்? நாமே முழுசாக முடித்து, ஷூவாகவும் கோட்டாகவும் அனுப்பினால் டாலர் கூட வருமே! தப்பில்லாத கணக்கு. டாலரும் வந்தது, வேலைவாய்ப்பும் வந்தது. கூடவே சீக்கிரம் முடிக்கிற குரோமியம் முறையும் பரவியது. வாரக்கணக்கில் செய்த வேலை ஒரு நாள், ரெண்டு நாளில் முடிந்துவிட்டது. பணக்கார நாடுகள் இந்த அழுக்கு வேலையைத் தங்கள் ஊரில் குறைத்துக்கொண்டு வந்த சமயமும் அதுதான். ஷூ வேணும், சாக்கடை வேண்டாம்!

வரவுப் பக்கம் பிரமாதம். செலவுப் பக்கத்தில்தான் ஒரு வரியை யாரும் எழுதவே இல்லை.

நிஜ வில்லன் யார்?

தோல் எப்படிப் பதமாகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். (சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம்.)

உரித்த தோல் அழுகாமல் இருக்க முதலில் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். நம் வீட்டு உப்புக்கண்டம் மாதிரி. டேனரிக்கு வந்ததும் முதல் வேலை, தண்ணீரில் ஊறப் போட்டு அந்த உப்பைக் கழுவி விடுவது. அடுத்து, முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும். அப்புறம் அமிலம். அப்புறம் ராட்டினம் மாதிரி சுற்றும் பெரிய டிரம்மில் போட்டு குரோமியம். கடைசியில் சாயம், எண்ணெய்ப் பசை. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் ஒரு நிறத்தில் உள்ளே போய் வேறு நிறத்தில் வெளியே வருகிறது. டிரம்மில் போட்ட குரோமியத்திலும் ஒரு பங்கு தோலில் ஒட்டாமல் தண்ணீரோடு வெளிநடப்புச் செய்துவிடும்.

ஒரு கிலோ தோலை முடிக்கக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர். சுமார் 170 வகை ரசாயனம். இது என் சொந்தச் சரக்கு அல்ல. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இந்தத் தண்ணீரெல்லாம் அந்த நாளில் எங்கே போச்சு? ஓடைக்கு, ஏரிக்கு, வயலுக்கு, ஆற்றுக்கு. குரோமியம் என்றால் எல்லாரும் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே பரம சாதுவாக நிற்கிற இன்னொரு வில்லன், உப்பு. மீசையை முறுக்காது, கத்தியைத் தூக்காது. பேசாமல் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்துவிடும். அப்புறம் அதை வெளியேற்றுவது, வாடகை வீட்டில் பத்து வருஷம் இருந்து பழகினவரைக் காலி பண்ணுவதைவிடக் கஷ்டம்!

விளைவு? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் ஆய்வு செய்தது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. நம் கணக்கில் 86,000 ஏக்கருக்கு மேல். திண்டுக்கல் பக்கமும் டேனரிகள் உண்டு. அங்கே 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறுகளை எண்ணிப் பார்த்தது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அதாவது, நாலு கிணற்றில் மூணு அவுட்.

கிணறு கெட்டால் விவசாயிக்கு என்ன ஆகும்? வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடக்கணும். நிலத்தை விற்கலாம் என்றால், உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள நிலத்தை எவன் வாங்குவான்? மோட்டாருக்கு வாங்கின கடன் மட்டும் இனிப்பாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஷூவின் விலையில் வராத செலவு இதுதான். செலவு நடக்காமல் இல்லை. நடந்தது. கம்பெனி கணக்கில் ஏறாமல், ஒரு விவசாயி வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது. அவ்வளவுதான்!

மனு எண் 914

1991. வேலூரில் சாதாரண ஜனங்கள் சேர்ந்த ஓர் அமைப்பு. வேலூர் சிட்டிஸன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்று பெயர். அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக சுப்ரீம் கோர்ட் கதவைத் தட்டியது. ரிட் மனு எண் 914. பாலாற்றைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் சாராம்சம்.

எதிரே இருந்தது சின்ன விவகாரமா? ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட டேனரிகள். இந்தியாவின் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவிகிதம் தமிழ்நாட்டுப் பங்கு என்று தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. டாலர் கொண்டு வருகிற மாப்பிள்ளை. மாப்பிள்ளையைக் கையை நீட்டிக் கேள்வி கேட்கிற தைரியம் எந்த மாமனாருக்கு வரும்? சுத்திகரிப்பு நிலையம் கட்டுங்கள் என்று அரசுத் தரப்பு பத்து வருஷமாகச் சொல்லிப் பார்த்தது. மானியம்கூடத் தருகிறோம் என்றது. பெரும்பாலான டேனரிகள் அசைந்து கொடுக்கவில்லை.

மனுதாரருக்காக வாதாடியவர் எம்.சி. மேத்தா. கங்கை, தாஜ்மகால் வழக்குகளால் நாடு முழுக்கத் தெரிந்த வக்கீல்.

1996 ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் மூன்று பேர் கொண்ட பெஞ்ச். சாரத்தை ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன்.

ஒன்று: அழுக்காக்கினவரே செலவைக் கொடுக்கணும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு மட்டும் போதாது. கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவர் தலையில்தான்.

ரெண்டு: வெள்ளம் வரும் முன் அணை. 'நூற்றுக்கு நூறு விஞ்ஞான ஆதாரம் இன்னும் வரலையே' என்று சாக்குச் சொல்லித் தடுப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்று: இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கெடுதல் நடந்தது என்று விவசாயி நிரூபிக்க வேண்டாம். கெடுதல் இல்லை என்று தொழில் நடத்துகிறவர்தான் நிரூபிக்கணும். நியாயம்தானே? கடன் வாங்கி மோட்டார் போட்டவர் லேபரட்டரிக்கு எங்கே போவார்?

அதோடு நிற்கவில்லை கோர்ட். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லையா, கெடுவுக்குள் செய், இல்லாவிட்டால் இழுத்து மூடு. நஷ்ட ஈட்டைக் கணக்கிட, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் தனி ஆணையம். இந்த மாதிரி வழக்குகளைக் கவனிக்கச் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு 'கிரீன் பெஞ்ச்'. வக்கீல் மேத்தாவுக்கு 50,000 ரூபாயை தமிழ்நாடு அரசு கொடுக்கணும் என்றுகூடத் தீர்ப்பில் எழுதினார்கள்.

இன்றைக்கும் இந்தியாவில் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூர் பெயர் வராமல் இருக்காது. சட்டக் கல்லூரிப் பையன்கள் பரீட்சைக்கு இதை உருப்போடுகிறார்கள். 2010-ல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் இந்தக் கொள்கைகளையே விதியாக எழுதி வைத்துவிட்டார்கள். நம்ம வேலூர்க்காரர்கள் போட்ட மனு சார்! கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

கால்குலேட்டரை எடுங்கள்

காலரை இறக்குகிற நேரமும் வந்தாச்சு.

ஆணையம் அமைந்தது. கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தது. 2001-ல் உத்தரவு போட்டது. வேலூர் மாவட்டத்தில் 186 கிராமங்கள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், பொறுப்பாளிகள் 547 டேனரிகள், மொத்த நஷ்ட ஈடு சுமார் 26.82 கோடி ரூபாய்.

கோடி என்றதும் கண் விரிகிறதா? வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 9,187 ரூபாய். இது 1991 ஆகஸ்டிலிருந்து 1998 டிசம்பர் வரைக்குமான நஷ்டத்துக்கு. ஏறக்குறைய 89 மாசம். அதாலும் வகுங்கள். மாசத்துக்கு 103 ரூபாய். நாளைக்கு மூணரை ரூபாய்கூட இல்லை. அந்தக் காலத்து டீக்கடையில் கொடுத்தால்கூட ரெண்டு டீ வருமோ, வராதோ!

ஒரு கிணறு, ஒரு வயல், அதை நம்பின ஒரு குடும்பம். நாள் வாடகை ரெண்டு டீ.

சரி, அதுவாவது மளமளவென்று போய்ச் சேர்ந்ததா? 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாக்கி உள்ளவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் நஷ்ட ஈட்டைக் கொடு, அரசே முதலில் கொடுத்துவிட்டு அழுக்காக்கியவர்களிடம் வசூல் பண்ணிக்கொள், பாலாற்றை மீட்கிற வேலையைக் கண்காணிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் கமிட்டி போடு என்றெல்லாம் உத்தரவு. அதே பாலாறு, அதே பாக்கி.

1991-ல் மனு, 2025-ல் உத்தரவு. இடையில் ஒரே மாவட்டமாக இருந்த வேலூர் 2019-ல் மூன்று மாவட்டமாகப் பிரிந்தே போச்சு. மனு போட்ட வருஷம் பிறந்த பிள்ளை இந்நேரம் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அவர் தவணை ஒரு நாள் தள்ளிப் போனால் பேங்கிலிருந்து எத்தனை போன் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மூடிட்டா முடிஞ்சு போச்சா?

'அப்போ எல்லா டேனரியையும் இழுத்து மூட வேண்டியதுதானே' என்று சில பேருக்குக் கை துறுதுறுக்கும். அவசரப்படாதீங்க. காலையில் ஆம்பூர்ப் பக்கம் போனால் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஜன்னல் ஓரமெல்லாம் டிபன் பாக்ஸும் கையுமாகப் பெண்கள். அந்தச் சம்பளத்தில் எத்தனை பிள்ளைகள் காலேஜ் போகின்றன! மழை பொய்த்த ஊரில், கிணறு கெட்ட ஊரில், வேறு வேலை எது? ஒரே வீட்டில் அண்ணன் வயலைத் தோல் கழிவால் இழந்திருப்பார், தம்பி மனைவி தோல் கம்பெனியில் சம்பளம் வாங்குவார். யாரை யார் திட்டுவது?

தீர்ப்பும் தொழிலை ஒழி என்று சொல்லவில்லை. தொழில் நடக்கட்டும், ஆனால் ஊரைக் கெடுக்கிற உரிமை தொழிலுக்குக் கிடையாது என்றுதான் சொன்னது.

தீர்ப்புக்குப் பிறகு மாறுதலே இல்லை என்றும் சொல்ல முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஒரு சொட்டும் வெளியே விடாமல் திருப்பி உபயோகிக்கிற முறை வந்தது. ஆனால் தண்ணீரை வடிகட்டி, காய்ச்சி எடுத்தால் கடைசியில் மிஞ்சுவது உப்பும் சேறும். அதை எங்கே வைப்பது? சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், குரோமியம் கட்டத்தில் தண்ணீரே தேவைப்படாத ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறது. தோலை ஊறவைக்கும் முன்பே உப்பை உதறி எடுக்கவும் வழி இருக்கிறது. வழிகள் இல்லாமல் இல்லை. செலவு பிடிக்கும், அவ்வளவுதான். அந்தச் செலவைப் போட மனசில்லாதபோது யார் போடுகிறார்கள்?

2015 ஜனவரி 31, விடிவதற்கு முந்தின நேரம். ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவைக் கட்டிக் காக்க வேண்டிய சுவருக்கு மிச்சம் பிடித்தால், அந்த மிச்சத்தின் மறுபக்கத்தில் இப்படித்தான் எழுதப்படுகிறது.

நாம என்ன பண்றது?

'நான் மாசச் சம்பளக்காரன், என்னால் என்ன முடியும்' என்கிறீர்கள். வேலூர்க்காரர்களும் மலையைப் பெயர்க்கவில்லை சார். ஒரு மனு போட்டார்கள். உங்கள் ஊரிலும் ஒரு பாலாறு இருக்கும். வாய்க்காலோ, ஏரியோ, பின்வீட்டுக் கிணறோ, எதுவாகவும் இருக்கலாம். அதற்குச் சில வழிகள்.

தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, 'எங்கள் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஆலைக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி தந்தீர்கள், கடைசியாக எப்போது சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வரணும். ஆபீஸ் லெட்டர் எழுதிப் பழகின கைக்கு இது ஒரு பெரிய வேலையா?

பொது விசாரணைக் கூட்டம். பெரிய தொழிற்சாலை வருவதாக இருந்தால் குறைந்தது 30 நாளுக்கு முன் பேப்பரில் அறிவிப்புப் போடணும். நாம் கிரிக்கெட் பக்கத்துக்குத் தாவும்போது நடுவில் பொடி எழுத்தில் இருக்குமே, அதேதான். படித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் லீவு போட்டுப் போய் உட்காருங்கள். பேசியது மினிட்ஸில் ஏறும்.

பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல பெஞ்ச் சென்னையிலேயே இருக்கிறது. நஷ்ட ஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். ஆனால் பிரச்னை முளைத்த ஆறு மாசத்துக்குள் போகணும். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தால் கதவு மூடிவிடும்.

இன்னொரு விஷயம். அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் குடிமகனின் கடமைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆறு, ஏரி, காடு, வன உயிர்களைக் காப்பாற்றுவதும் ஒன்று. 1976-ல் சேர்த்தது. ஆகவே யாராவது 'உனக்கெதுக்குய்யா இந்த வேலை' என்று கேட்டால், 'என் வேலையே இதுதான் சார், சட்டத்தில் எழுதியிருக்கு' என்று சொல்லுங்கள்.

2021 நவம்பரில் பெய்த மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. இத்தனை தண்ணீரா என்று ஊரே அதிசயமாகப் பார்த்தது. வெள்ளம் வந்து போனால் கிணற்றில் உப்பு கொஞ்சம் குறையும். ஆனால் அடுத்த மழை வரைக்கும் யார் எதை ஆற்றில் விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளத்தால் முடியாது. அதற்கு ஆள் வேணும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஆடிட்டர் வருகிறார் என்று தெரிந்தால்தான் புத்தகம் சுத்தமாக இருக்கும். ஆற்றுக்கு இன்னும் யாரும் ஆடிட்டரை அப்பாயின்ட் பண்ணவில்லை. வேகன்ஸி அப்படியே இருக்கிறது... அப்ளிகேஷன் கட்டணம் 10 ரூபாய்தான்!